கத்தரி பட்ட கூறை

தைத்ததை உடனே வெட்டு என்றால் எந்தப் பெண்ணுக்குத்தான் கை வரும்? நாகலூர் தையல் சென்டரில் ஜேசுதாஸ் மாஸ்டர் அப்படிச் சொன்ன அன்று, அங்கே இருந்த பெண்கள் எல்லாரும் தையலை மடியில் போட்டுக்கொண்டு அவர் முகத்தையே பார்த்தார்கள். ஒன்பது சதுரத் துண்டுகளை வரிசைக்கு மூன்றாக வைத்து, ஓரம் பிசகாமல் தைத்து, அப்போதுதான் முதுகை நிமிர்த்தியிருந்தார்கள். அதைக் குறுக்கே ஒரு வெட்டு, நெடுக்கே ஒரு வெட்டு வெட்டி நாலாக்கச் சொல்கிறார் மனுஷன்.

"ஏனுங்க மாஸ்டர், வெட்டிப் போடறதுக்குத்தானா காலையில இருந்து தெச்சோம்?" என்று கேட்டாள் கரடியூர் அத்தாயி. சென்டரில் வாய் திறந்து பேசுகிற ஒரே ஆள் அவள்தான்.

"வெட்டும்மா. வெட்டிட்டு அப்புறம் என்னைத் திட்டு" என்றார் மாஸ்டர்.

அவளுக்கு மனசு வரவில்லை. அவரே கத்தரியை வாங்கி அவள் தைத்ததை நாலாக வெட்டினார். நாலில், எதிரெதிர் மூலையில் இருந்த இரண்டைத் தலைகீழாகத் திருப்பி வைத்து மறுபடி மெஷினில் ஓட்டிக் கொடுத்தார். நடுவில் ஒரே சதுரமாக இருந்த சிவப்புத் துண்டு நாலு குட்டித் துண்டாகி, இரண்டு நடுவிலும் இரண்டு ஓர மூலைகளிலுமாகப் போய் உட்கார்ந்திருந்தது. மற்ற துண்டுகளும் ஒன்று முழுசு, ஒன்று பாதி என்று கலைந்து நின்றன. பார்க்கிறவர்கள் மாசக்கணக்காகப் பொடிப்பொடியாக ஒட்டித் தைத்தது என்றுதான் நினைப்பார்கள். அத்தாயி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். இவ்வளவு சுலபமான ஏமாற்று வேலையை அவள் அதுவரை கண்டதில்லை.

"இப்படி நெறையத் தெச்சு ஒண்ணோட ஒண்ணு சேர்த்தா ஒட்டுப் போர்வை. நடுவுல பழைய கம்பளி ஒண்ணைக் குடுத்து, அடியில ஒரு பழஞ்சீலை. எந்தக் குளிரும் கிட்ட வராது" என்றார் மாஸ்டர்.

அந்தக் கடைசி வார்த்தைக்காகவே அத்தாயி அதைத் தைப்பது என்று முடிவு செய்தாள். அவளுடைய ஒரே மகள் காவேரிக்கு எட்டு வயசு. கார்த்திகை பிறந்தால் பிள்ளைக்கு இளைப்பு வந்துவிடும். நெஞ்சுக் கூட்டைத் தூக்கித் தூக்கிப் போடும். கரடியூர் மேட்டில் அவர்கள் வீடுதான் கடைசி வீடு. பள்ளத்திலிருந்து ஏறி வருகிற காற்று முதலில் அந்தச் சுவரில் மோதிவிட்டுத்தான் ஊருக்குள் போகும். ஏற்காட்டு டாக்டர் ஊசி போட்டுவிட்டு, "நெஞ்சுல குளிர் படாம பாத்துக்கம்மா" என்று அனுப்பிவிட்டார். சொல்வதற்கு என்ன? வீட்டில் இருந்தது ஒரு நல்ல கம்பளி. அதை வெங்கடாசலம் போர்த்திக்கொள்வான்.

வெங்கடாசலம் அவளுடைய புருஷன். கொஞ்சம் காப்பிக் காடு, நாலு கமலா ஆரஞ்சு மரம், கீழ்ப்பக்கம் சாமை விதைக்கிற சரிவு என்று அவனுக்கு இருந்தது. வெங்கடாசலம் கெட்டவன் என்று ஊரில் ஒருத்தரும் சொல்ல மாட்டார்கள். ஊரில் அவன் யாரையும் அடித்ததில்லை. வீட்டில் அடிப்பதெல்லாம் கணக்கில் வராது அல்லவா? கொஞ்ச நாளாக அவன் நாகலூர் பஸ் ஸ்டாப்பில் கடை வைத்திருக்கிறவர் மகள் சின்னத்தாயியைக் கேட்டு நடக்கிறான் என்று பேச்சு. இரண்டாவதாக ஒருத்தியைக் கட்டுவது அந்த ஊரில் பெரிய அதிசயம் இல்லை. ஆனால் கடைக்காரர் கறாராகச் சொல்லிவிட்டார்: "மூத்தவ ஊட்டுல இருக்கற வரைக்கும் எம்புள்ளைய அனுப்ப மாட்டேன்." அத்தாயியின் காதுக்கும் இது வந்தது. வந்ததை அவள் நம்பவும் செய்தாள். கடைக்காரர் ஒத்துக்கொள்ளாதபோது இவன் தானாக அடங்கிவிடுவான் என்று அவளுக்கு ஒரு நினைப்பு. எவ்வளவு வெள்ளந்தி!

அவன் ஏன் அவளை அடித்துத் துரத்திவிடவில்லை என்று கேட்டால், அதற்கு ஊர் வழக்கம் குறுக்கே நின்றது. கரடியூரில் ஒரு பெண்ணுக்குக் கூறைச் சீலை இரண்டே முறைதான் உடம்பில் ஏறும். கல்யாணத்தன்று உடுத்துவாள், செத்தால் போர்த்துவார்கள். நடுவில் அது பெட்டிக்குள் கிடக்கும். புருஷனோடு இனி வாழ முடியாது என்று ஒருத்தி தீர்மானித்தால் வக்கீலும் வேண்டாம், கோர்ட்டும் வேண்டாம். அந்தக் கூறையைக் கொண்டுவந்து ஊர்க் கவுண்டர் முன்னால் ஒரு முழம் கிழித்துப் போட்டால் தீர்ந்தது. அதற்குப் பிறகு அவள் யாரைக் கட்டிக்கொண்டு போனாலும் ஒருத்தரும் வாய் திறக்க மாட்டார்கள். நல்ல வழக்கம்தான். ஆனால் கிழித்தவள் தனியாகத்தான் போக வேண்டும். பிள்ளை தகப்பன் வீட்டில் நின்றுவிடும். புருஷனாகத் தள்ளிவிட்டால் கதை வேறு; பிள்ளை தாயோடு போகும், காட்டிலும் ஒரு பங்கு அவளுக்குப் பிரித்துத் தர வேண்டும். அந்தப் பங்கைத் தரவும் வெங்கடாசலத்துக்கு மனசில்லை, காப்பிப் பழம் பறிக்கிற காவேரியின் கையை விடவும் மனசில்லை.

அத்தாயி இதை எல்லாம் யோசிக்காமல் துணி சேர்த்தாள். வெங்கடாசலத்தின் பழைய வேட்டி, பச்சைக் கட்டம் போட்ட லுங்கி, காவேரிக்குச் சின்னதாகிப்போன நீலப் பாவாடை, அவளுடைய மஞ்சள் சீலை ஒன்று. எஸ்டேட் லைனில் இருக்கிற ஒருத்தி கிழிந்த கம்பளி ஒன்றைக் கொடுத்தாள். நடுவில் வைக்கிற சிவப்புக்கு மாஸ்டர் கொஞ்சம் கொடுத்தார், அது பாதியிலேயே தீர்ந்துவிட்டது. மிச்சத்துக்கு நடுவில் மஞ்சளையே வைத்துவிடலாம் என்றுகூட நினைத்தாள். காவேரி ஒத்துக்கொள்ளவில்லை. எல்லாத்துக்கும் நடுவில் சிவப்புதான் வேண்டும் என்று அடம்பிடித்தாள்.

அன்றைக்குத்தான் வெங்கடாசலம் தகரப் பெட்டியைத் திறந்து காட்டுப் பத்திரம் தேடினான். அத்தாயி வாசலில் வெயிலுக்கு உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தாள். காவேரி பக்கத்தில் ஊசிக்கு நூல் கோத்துக்கொண்டிருந்தாள். அவன் கூறைச் சீலையைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே வந்தான்.

"அத்தாயி, இதைப் பாத்தியா? எலி கடிச்சுப் போட்டுது."

அவள் வாங்கிப் பிரித்துப் பார்த்தாள். முந்தானை நன்றாக இருந்தது, உள் தலைப்பில்தான் ஒரு கை நுழைகிற மாதிரி ஓட்டை.

"ஐயோ, என்னங்க இது?"

"எதுக்கு இப்பக் கண்ணைக் கசக்கற? உள்பக்கந்தானே? கடிபட்டதை வெட்டி எடுத்துட்டு ஓரம் அடிச்சு வெச்சுக்க. உட்டா மிச்சமும் நைஞ்சு போயிரும்" என்றான். அப்புறம் போர்வையைத் தொட்டுப் பார்த்தான். "நொம்ப நல்லாத்தான் இருக்குது. நடுவுக்குச் செகப்பு பத்தலைன்னு இந்தக் குட்டி அழுதுதே, வெட்டறதுல ஒரு ரண்டு மொழம் சேர்த்து வெட்டி இதுக்கே வெச்சிரு. அவிய அம்மா கூறை மேல கெடந்தாப் புள்ளைக்கும் நல்லதுதான்."

அத்தாயி நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். "கூறையில கத்தரி வெக்கலாமுங்களா? ஊருல யாராவது பாத்தா?"

"கட்டுனவன் நாஞ் சொல்றேன். ஊருல எவன் வந்து பெட்டியத் தொறந்து பாக்கறான்?"

அவன் அவளிடம் இப்படித் தணிந்து பேசி எத்தனையோ காலமாகிவிட்டது. தைக்கிறதை நல்லாயிருக்கு என்கிறான், பிள்ளையின் நெஞ்சுக் குளிரை நினைக்கிறான். நாகலூர்ப் பேச்செல்லாம் பொய், மனுஷன் வீட்டுக்குத் திரும்பிவிட்டான் என்று அவளுக்குத் தோன்றியது. சொன்னால் சிரிப்பீர்கள், அவளுக்கு வெட்கம்கூட வந்தது. காவேரியைச் சீலையின் முனையைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டுக் கத்தரியை எடுத்தாள். எலி கடித்த ஓட்டைத் துண்டை அடுப்பில் போட்டாள். பூட்டிய தகரப் பெட்டிக்குள் எலி எப்படிப் போயிற்று என்று அவளுக்கு அன்றைக்கு உறைக்கவில்லை. பெட்டிச் சாவி எப்போதும் வெங்கடாசலத்தின் அரைஞாணில்தான் கிடக்கும்.

போர்வை மார்கழிக்கு முன்னாலேயே முடிந்துவிட்டது. வேட்டியும் லுங்கியும் பாவாடையும் எது எங்கே ஆரம்பிக்கிறது, எங்கே முடிகிறது என்று தெரியாமல் கலந்து கிடக்க, ஊடே ஊடே கூறையின் சிவப்பு. காவேரி அதற்குள் புகுந்துகொண்டு தலையை மட்டும் வெளியே நீட்டுவாள். அந்த வருஷம் மார்கழியில் பாதி மாசம் அவளுக்கு இளைப்பே வரவில்லை. தைத்த கைகளை அத்தாயி தானே தடவிக்கொண்ட நாட்கள் அவை. வாழ்க்கையில் அவள் சந்தோஷமாக இருந்த காலம் எது என்று யாராவது கேட்டால் அந்த அரை மாசத்தைத்தான் சொல்வாள்.

ஒரு நாள் காலையில் அவள் தண்ணீர் எடுத்துக்கொண்டு வருகிறாள், வெங்கடாசலம் மாரியம்மன் கோயில் முன்னால் நிற்கிறான். பக்கத்தில் ஊர்க் கவுண்டர் பெரியண்ணன், இன்னும் நாலு பெரியவர்கள். போர்வை மண்ணில் விரித்துக் கிடக்கிறது. ஓரம் அடித்த கூறைச் சீலையும் அதன்மேல் கிடக்கிறது.

"கூறைய வெட்டிப் போட்டுட்டா கவுண்டரே" என்று வெங்கடாசலம் சொல்லிக்கொண்டிருந்தான். குரல் நடுங்கியது. நடிக்கவும் ஒரு திறமை வேண்டும், அது அவனுக்கு இருந்தது. "எங்கூட வாழப் புடிக்கலைன்னா நேரா வந்து கிழிச்சுப் போட்டிருக்கலாம். இப்படித் திருட்டுத்தனமா வெட்டிப் போர்வையில ஒளிச்சு வெச்சிருக்கறா."

அத்தாயிக்குக் குடம் இடுப்பிலிருந்து நழுவியது. "இவருதானுங்க வெட்டச் சொன்னாரு! எலி கடிச்சிருக்குதுன்னு எடுத்தாந்து குடுத்ததே இவருதானுங்க!"

"எலி கடிச்சுதா? எங்கே, எலி கடிச்ச துண்டைக் காட்டச் சொல்லுங்க."

அடுப்பில் போட்டேன் என்று அவள் சொன்னபோது கூட்டத்தில் இரண்டு பேர் சிரித்தார்கள்.

செம்மநத்தத்திலிருந்து அவளுடைய அண்ணன் குழந்தைவேல் வந்து சேர்வதற்கு மத்தியானம் ஆயிற்று. அவன் கத்தவில்லை. பெரியண்ணன் காலடியில் உட்கார்ந்து நியாயம் கேட்டான். "தெரியாத்தனமா வெட்டிட்டா கவுண்டரே. ஒட்டுத் தையல்தானே? பிரிச்சு எடுத்து, கூறையோட சேர்த்துத் தெச்சு, முழுச் சீலையாப் பெட்டியில வெச்சுட்டா முடிஞ்சுது."

பெரியண்ணன் மோசமான ஆள் இல்லை. குடும்பத்தைப் பிரிப்பதில் அவருக்கும் இஷ்டம் கிடையாது. தாடியைத் தடவிக்கொண்டு யோசித்தார். "சரி. நாளைக்குப் பொழுது சாயறதுக்குள்ள கூறையை முழுசாக் கொண்டாந்து வெச்சா இந்தப் பேச்சு இத்தோட போச்சு. வெக்க முடியலைன்னா, அவ கிழிச்சதாத்தான் அர்த்தம். அவ போறா, புள்ளை இங்கதான் இருக்கும்" என்றார். கூட்டம் தலையாட்டியது. வெங்கடாசலமும் தலையாட்டினான்.

குழந்தைவேலுக்கு உயிர் வந்தது. அத்தாயிக்குப் போய்விட்டது. வேறு எந்தப் பெண் தைத்த ஒட்டுப் போர்வையாக இருந்தாலும் நூலைப் பிரித்தால் முழுத் துண்டுகள் கையில் வந்துவிடும். இவள் தைத்தது ஜேசுதாஸ் மாஸ்டர் சொல்லிக் கொடுத்த தையல்.

ஆனாலும் உட்கார்ந்து பிரித்தாள். பக்கத்து வீட்டுக் காளியாயி வந்து கூட உட்கார்ந்தாள். காவேரி பிரித்த நூலைச் சுற்றி வைத்தாள். அவளுக்கு விஷயம் முழுசாகத் தெரியவில்லை. சீலையை வெட்டியதற்காக அம்மாவை எல்லாரும் திட்டுகிறார்கள், தைத்துக் கொடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்ற அளவுக்குத்தான் தெரியும். கம்பளி தனியாக வந்தது. வேட்டியும் லுங்கியும் தனியாக வந்தன. சிவப்பு மட்டும் கட்டைவிரல் அகலத்துக்கு வந்துகொண்டே இருந்தது.

"முழுசு எங்கடி அத்தாயி? அல்லாம் நாலு நாலாக் கெடக்குதே?" என்றாள் காளியாயி.

"இதுல முழுசு இல்லையக்கா. தெச்சதுக்கு அப்புறம் வெட்டறது இது."

"தெச்சதை எவளாச்சும் வெட்டுவாளா?"

அத்தாயி நாலு துண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். தையலுக்குள் போன ஓரம் நைந்து பிசிறாகிவிட்டது. நாலைச் சேர்த்தாலும் பழைய சதுரம் வரவில்லை, அதைவிடச் சின்னதாக, நடுவில் சிலுவைத் தையலோடு சுருங்கி நின்றது. இப்படி எல்லாவற்றையும் சேர்த்துக் கூறையின் வெட்டிய தலைப்பில் வைத்து ஒட்டித் தைத்தாள். விடிந்து வெளிச்சம் வந்ததும் மறுபடி உட்கார்ந்தாள். காளியாயி பார்க்கப் பொறுக்காமல் எழுந்து போய்விட்டாள். அத்தாயிக்கும் தெரியும் இது ஒப்பேறாது என்று. கையை நிறுத்தினால் அழுகை வந்துவிடும், அதற்காகவே தைத்தாள்.

சாயங்காலம் கோயில் முன்னால் அதை விரித்தபோது, வெங்கடாசலம் அந்தத் தலைப்பை இரண்டு கையாலும் தூக்கி எல்லாருக்கும் காட்டினான். "இது முழுச் சீலையா கவுண்டரே? புள்ளைக வெளையாடற பொம்மைக்குக் கட்டக்கூட ஆகாது."

இப்போது சிரித்தவர்கள் இரண்டு பேர் இல்லை, நிறையப் பேர்.

"அவருதான் வெட்டச் சொன்னாருங்க" என்றாள் அத்தாயி மறுபடி.

"அதுக்குச் சாச்சி யாரும்மா?" என்றார் பெரியண்ணன்.

அவள் இரண்டு நாளாக எந்தப் பெயரைச் சொல்லக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாளோ அதைக் குழந்தைவேல் சொல்லிவிட்டான். "காவேரி இருந்திருக்குது கவுண்டரே. புள்ளையக் கேளுங்க."

காவேரியைக் கூட்டத்துக்கு நடுவில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். பெரியண்ணன் குனிந்து கேட்டார். "பயப்படாத சாமி. கூறைய வெட்டுனது யாரு?"

"எங்கம்மாதானுங்க. நாந்தானுங்க முனையப் புடிச்சுக்கிட்டேன்" என்றாள் காவேரி, தன் வேலையையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும் என்ற பெருமையில். கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது.

"வெட்டச் சொன்னது யாருன்னு கேளுங்க" என்றான் குழந்தைவேல்.

"ஆரு சாமி வெட்டச் சொன்னது?"

காவேரி தகப்பனைப் பார்த்தாள். வெங்கடாசலம் மகளை முறைக்கவில்லை. கோயில் கோபுரத்தைப் பார்த்துக்கொண்டு, தோளில் கிடந்த துண்டை எடுத்து வலது கையில் மெதுவாகச் சுற்றினான். ஊரில் யாருக்கும் அதன் அர்த்தம் தெரியாது. அந்த வீட்டில் இருந்த இரண்டு பேருக்குத் தெரியும். அடிப்பதற்கு முன்னால் அவன் அப்படித்தான் சுற்றுவான்.

காவேரியின் நெஞ்சு தூக்கிப் போட ஆரம்பித்தது. அப்புறம் தாயைப் பார்த்தாள். அத்தாயிக்கு அந்த ஒரு நொடியில் எல்லாம் ஓடியது. பிள்ளை உண்மையைச் சொல்லும். எட்டு வயசுப் பிள்ளை பேச்சு, மாமன்காரன் சொல்லிக் கொடுத்தது என்று இவன் ஒரே வார்த்தையில் தள்ளிவிடுவான். ஊரும் அவன் பக்கம்தான் தலையாட்டும், நேற்றிலிருந்து அப்படித்தான் ஆட்டுகிறது. அப்புறம் இந்தப் பிள்ளை யார் வீட்டுக்குத் திரும்பும்? தகப்பனைக் காட்டிக் கொடுத்த பிள்ளையாக, அந்தத் துண்டுக்கு முன்னால், நான் இல்லாமல் தனியாக. காவேரி வாயைத் திறந்தாள்.

"வாண்டாம்!" என்றாள் அத்தாயி. "புள்ளையக் கேக்க வாண்டாம். நானாத்தான் வெட்டுனேன். யாரும் சொல்லலை."

பெரியண்ணன் அவளையே பார்த்தார். அவருக்கு ஏதோ புரிந்திருக்க வேண்டும். புரிந்தால் என்ன, வாயிலிருந்து வந்த வார்த்தையை வைத்துத்தான் ஊர் தீர்ப்புச் சொல்லும். சொன்னார்கள். வெங்கடாசலம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மகளைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனான். போகும்போது காவேரி திரும்பித் திரும்பிப் பார்த்தாள். இளைப்பில் அவளால் அழக்கூட முடியவில்லை. பிரித்துப் போட்ட போர்வைத் துணிகளைக் காளியாயி ஒரு மூட்டையாகக் கட்டிக்கொண்டு வந்தாள். அபசகுனம், ஊருக்குள் கிடக்கக் கூடாது என்று ஒரு பெரியவர் சொல்ல, அதையும் அத்தாயியின் கையிலேயே கொடுத்துவிட்டார்கள்.

"ஏன்டி அப்படிச் சொன்ன? நாக்குல சனியனா?" என்று செம்மநத்தம் போகிற வழியெல்லாம் குழந்தைவேல் திட்டிக்கொண்டே வந்தான்.

"அடிச்சே கொன்னு போடுவானண்ணா. என்னய விட்டா அதுக்கு யாரு இருக்கறா?"

"இப்ப நீ இருக்கறயா?" என்றான் அவன். அத்தாயி, பிள்ளையைக் காப்பாற்றிவிட்டோம் என்று மட்டும் திரும்பத் திரும்பத் தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

தை பிறந்ததும் வெங்கடாசலம் சின்னத்தாயியைக் கட்டினான். அத்தாயி அண்ணன் வீட்டில் இருந்துகொண்டு எஸ்டேட்டில் பழம் பறிக்கப் போனாள். தையல் சென்டர்ப் பக்கம் திரும்பவில்லை. ஏன் வருவதில்லை என்று ஜேசுதாஸ் மாஸ்டர் ஆள் விட்டுக் கேட்டபோது, கண் சரியில்லை என்று சொல்லி அனுப்பினாள். கரடியூருக்குள் அவள் காலை வைக்கக் கூடாது என்று ஊர்க் கட்டுப்பாடு. அதனால் ஒவ்வொரு சந்தைக்கும் ஏற்காட்டுக்குப் போய் பஸ் நிற்கிற இடத்திலேயே உட்கார்ந்திருப்பாள். கரடியூர்க்காரர்கள் இறங்கினால் ஒவ்வொரு முகமாகப் பார்ப்பாள். ஊர்க்காரர்கள் அவளைப் பார்த்தும் பார்க்காத மாதிரி போவார்கள்.

மாசி கடைசியில் ஒரு நாள் காவேரி வந்தாள். சின்னத்தாயிதான் கூட்டிவந்திருந்தாள். சின்னப் பெண், வந்த இடத்தில் எதைத் தொடலாம் எதைத் தொடக் கூடாது என்று இன்னும் தெரியாத முகம். அத்தாயியைக் கண்டதும் அவளே ஒதுங்கி நின்றாள். "போய்ப் பேசிட்டு வா கண்ணு. நா இங்கயே நிக்கறேன்" என்று காவேரியை முன்னால் தள்ளிவிட்டாள்.

பிள்ளை மெலிந்திருந்தாள். அத்தாயி கட்டிப்பிடித்தபோது மரம் மாதிரி நின்றாள். கையில் திணித்த பொரி உருண்டையை வாங்கிக்கொள்ளவும் இல்லை, கீழே போடவும் இல்லை.

"இளைப்பு வருதா கண்ணு? நல்லாப் போத்திக்கறயா?"

காவேரி கையில் இருந்த பொரி உருண்டையையே பார்த்தாள்.

"அம்மா மேல கோவமா சாமி?"

"நா சொல்லத்தான் வாயத் தொறந்தேன்" என்றாள் காவேரி. பல நாள் வாய்க்குள்ளேயே வைத்திருந்த பேச்சு என்பது அது வந்த வேகத்தில் தெரிந்தது. "அப்பன்தான் வெட்டச் சொல்லுச்சுன்னு சொல்லத்தான் தொறந்தேன். நீதான் வாண்டாம்னு சொன்ன. நானா வெட்டுனேன்னு நீயே சொன்ன. மாமன் ஊட்டுக்குப் போவோணும்னுதானே அப்படிச் சொன்ன? என்னய வாண்டாம்னுதானே சொன்ன?"

"ஐயோ, இல்ல கண்ணு! நீ சொல்லியிருந்தா அப்பன் உன்னய அடிச்சிருக்கும். அதுக்குத்தான் சாமி அம்மா..."

காவேரி அவளை நிமிர்ந்து பார்த்தாள். கோபம்கூட அந்த முகத்தில் இல்லை, தெரியாத ஒருத்திக்கு விஷயத்தைச் சொல்கிற முகம்.

"இப்பவுந்தான் அடிக்குது" என்றாள்.